மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

வீட்டுக் கணினியில் குரல் பதிவு செய்ய மைக் தேடுபவர்கள் முதலில் விலையைத்தான் பார்க்கிறார்கள். அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அறை எப்படியோ, மைக்கும் அப்படித்தான் அமைய வேண்டும்.

படி 1: அறையைப் பதிவு செய்யுங்கள்

பேசப்போகும் இடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் 30 வினாடி சும்மா பதிவு செய்யுங்கள். முடிவில் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மின்விசிறி, கணினிக்குள் சுழலும் குட்டி விசிறி, தெருவில் போகும் வண்டி என்று இதுவரை காதில் விழாததெல்லாம் கேட்கும். தட்டிய ஓசை சட்டென்று நிற்கிறதா, வால் போல இழுபடுகிறதா? இழுபட்டால் எதிரொலி இருக்கிறது. திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி இவற்றின் அருகே இடம் மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

படி 2: கண்டென்சரா, டைனமிக்கா?

கண்டென்சர் மைக்கில் இருப்பது மிக மெல்லிய சவ்வு. குரலின் நுணுக்கங்களைப் பிடிக்கும், கூடவே அறையையும் பிடிக்கும். டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. அதன் சிக்னல் மெலிது, அதனால் கிட்டே போய்ப் பேசியாக வேண்டும்.

டைனமிக் இரைச்சலை வடிகட்டிவிடும் என்பார்கள். அப்படி மந்திரம் ஒன்றும் அதில் இல்லை. வாயருகே இருப்பதால் குரல் ஓங்கி, அறைச்சத்தம் அமுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். விசிறிச் சத்தமோ அப்படியே இருக்கும். அமைதியான அறை என்றால் கண்டென்சர். சத்தமான வீட்டுக்கு என் ஓட்டு டைனமிக்குக்குத்தான்.

படி 3: எந்த இணைப்பு?

முதல் மைக் என்றால் யுஎஸ்பி போதும். மூன்று முனைச் செருகி கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக்குக்கு, அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி தனியாக வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு எக்ஸ்எல்ஆர் கண்டென்சரை வாங்கி, மாற்று ஒயர் போட்டு கணினியின் மைக் துளையில் செருகிவிட்டு, ஒரு மாலை முழுக்க ‘ஹலோ ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்குத் தேவை 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது ஒயர் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம். அந்தத் துளை தருவதோ சில வோல்ட்தான்.

புளூடூத் மைக் வேண்டாம். பெரும்பாலானவற்றில் குரல் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

படி 4: திசை

ஒருவர் மட்டும் பேச கார்டியாய்டு அமைப்பு உள்ளதை எடுங்கள். முன்பக்கக் குரலை நன்றாக வாங்கி, பின்பக்கச் சத்தத்தைக் குறைக்கும். கணினியை அந்தப் பின்பக்கம் வையுங்கள். சில மைக்குகளில் முன்பக்கம் என்பது உச்சி அல்ல, பக்கவாட்டு. ப்ளூ யெட்டி என்ற மைக் அந்த ரகம். அதன் தலையைப் பார்த்துப் பேசினால் குரல் மங்கித்தான் கேட்கும்.

படி 5: பேசிப் பாருங்கள்

ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் இலவசம், அதிலேயே தொடங்கலாம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி (டைனமிக் என்றால் இன்னும் கிட்டே) வைத்து, வழக்கமான குரலில் பேசுங்கள். மென்பொருளில் தெரியும் ஒலி அளவுகோலின் உச்சம் -12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெயினை, அதாவது மைக் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்புங்கள். அப்புறம் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ‘பாப்பா’ என்று சொல்லுங்கள். கையில் மோதும் காற்றுதான் பதிவில் ‘டப் டப்’ என்று கேட்பது. மைக்கை உதட்டு ஓரத்துக்குச் சற்று நகர்த்தினால் காற்று அதைத் தாண்டிப் போய்விடும். அப்படியும் அடங்காவிட்டால் மட்டும், மைக்குக்கு முன்னால் வைக்கும் காற்றுத் தடுப்புத் திரையான பாப் ஃபில்டர் வாங்குங்கள்.