பழைய கார்ட்டூனை விமர்சிக்க உட்காருகிறீர்களா?

"அந்தக் காலத்துக் கார்ட்டூன் மாதிரி இனி வராது" என்று சொல்லும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நானும் பழைய கார்ட்டூன்களைப் பற்றி வீடியோ போடுகிறவன்தான். எனக்கு அவை உயிர். அதனாலேயே, அவற்றைப் பொத்தாம்பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு தொடர் நன்றாக இருந்தது என்றால், எந்தக் காட்சியில், எதனால் என்று காட்ட வேண்டும். அதுதான் அதை உருவாக்கியவர்களுக்குச் செய்யும் மரியாதை. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக நான் வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன்.

மறுபடி பார்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதிவிடுங்கள். எந்தக் காட்சி, யார் பேசியது, எது பயமுறுத்தியது, எதற்குச் சிரித்தீர்கள் என்று எல்லாமே. பார்த்து முடித்ததும், திரையில் உண்மையில் என்ன இருந்தது என்பதைப் பக்கத்திலேயே வேறு மையில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள்தான் விமர்சனத்துக்கு நல்ல சரக்கு. பெரும்பாலும் நம் மனதில் நிற்பது டைட்டில் காட்சிதான். தினமும் ஓடியது அது ஒன்றுதானே. 1985இல் வந்த தண்டர்கேட்ஸின் டைட்டிலில் உடல்கள் துள்ளிப் பாயும் வேகம், எபிசோடுக்குள் பல இடங்களில் இருக்காது. டைட்டிலை வைத்துத் தொடருக்கு மார்க் போடாதீர்கள்.

எபிசோடு தேர்வு செய்யும்போது எல்லாரும் கொண்டாடும் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. பெயரே நினைவில் இல்லாத, நடுவில் வரும் சாதாரண எபிசோடு ஒன்றையும் கட்டாயம் பாருங்கள். 1992இல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடரின் படம் வரையும் வேலை, ஆசியாவில் பல ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒரு எபிசோடில் துணியின் மடிப்புகூட அசையும், இன்னொன்றில் முகமே கோணலாக இருக்கும். எது யார் கைவேலை என்று கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பாருங்கள்.

அடுத்தது, அந்தத் தொடர் எந்தச் சூழலில், எந்தப் பணத்தில் உருவானது என்று தெரிந்துகொள்வது. நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். டாம் அண்ட் ஜெர்ரியையே எடுத்துக்கொள்வோம். 1940 முதல் 1958 வரை வெளிவந்த, இயக்குநர்கள் ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்காக எடுத்த 114 குறும்படங்கள் தியேட்டரில் ஓடுவதற்காகச் செய்தவை. ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் போல ஓடும். அவற்றில் ஏழு படங்கள் ஆஸ்கர் வாங்கின. அப்புறம் 1961-62இல் ஜீன் டைச் பிராகில் எடுத்த 13 படங்கள் இருக்கின்றன. 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் குழு எடுத்தவையும் இருக்கின்றன. "பழைய டாம் அண்ட் ஜெர்ரி" என்று யாராவது சொன்னால், எந்தப் பழையது என்று கேளுங்கள். மூன்றிலும் டாமின் புருவம்கூட ஒரே மாதிரி இருக்காது.

1957இல் எம்ஜிஎம் அந்தக் கார்ட்டூன் பிரிவை மூடியது. ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அங்கே பணமும் குறைவு, நேரமும் குறைவு. அதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? 1958இல் அறிமுகமான யோகி கரடி பேசும் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தலை ஆடும், வாய் அசையும், கழுத்துக்குக் கீழே உடம்பு அப்படியே நிற்கும். உடம்பை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார்கள். இரண்டும் சேரும் கோடு தெரியாமல் இருக்கத்தான் அந்தக் காலரும் டையும். சட்டையே போடாத கரடிக்குக் காலர் எதற்கு என்று சின்ன வயதில் நாம் யாரும் கேட்கவில்லை. 1960இன் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸில் ஆள் வீட்டுக்குள் ஓடும்போது பின்னால் அதே ஜன்னல் மறுபடி மறுபடி கடந்து போவதும் இதே கணக்குதான்.

இதைக் குறையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். எபிசோடைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். 1940களின் டாம் அண்ட் ஜெர்ரி ஒலி இல்லாமலும் கதை சொல்லும். நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் யோகி சிரிக்க வைப்பான், டாஸ் பட்லரின் குரல் அப்படி. படத்தால் முடியாததைக் குரலாலும் வசனத்தாலும் ஈடுகட்டிய திறமை அது. நீங்கள் டப்பிங்கில் பார்த்து வளர்ந்தவர் என்றால் அதே டப்பிங்கைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் நேசித்த குரல் வேறு ஒருவருடையது.

"அப்போதெல்லாம் குழந்தைகளுக்காக எடுத்தார்கள், இப்போது வியாபாரம்" என்ற வாக்கியத்தை உங்கள் ஸ்கிரிப்ட்டில் பார்த்தால் அடித்துவிடுங்கள். ஹீ-மேன் பொம்மைகள் 1982இல் கடைக்கு வந்தன, தொடர் வந்தது 1983இல். 1984இன் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் பொம்மை விற்கப் பிறந்ததுதான். 1986இல் வந்த அதன் திரைப்படத்தில், புதிய பொம்மைகளுக்கு வழிவிட, நாயகனான ரோபோ ஆப்டிமஸ் பிரைமையே சாகடித்தார்கள். குழந்தைகள் அழுதார்கள், பெற்றோர் கொதித்தார்கள், 1987இல் தொடரில் அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். ஒரு பொம்மைக்காகக் குழந்தைகள் அப்படி அழுதார்கள் என்றால், விளம்பரத்துக்காக எழுதிய கதைக்குள்ளும் யாரோ மனதை வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாவுக் காட்சியை எடுத்து அலசுங்கள், வெறும் ஏக்கத்தைவிடப் பல மடங்கு பெறுமதியான விமர்சனம் கிடைக்கும்.

எந்தப் பிரதி என்பதையும் கவனியுங்கள். சிம்ப்சன்ஸ் குழந்தைகளுக்கு மட்டுமான தொடர் இல்லை என்றாலும் நல்ல உதாரணம் அதுதான். 2019இல் டிஸ்னி பிளஸில் வந்தபோது பழைய எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்துதான் வருகின்றன என்பது ஒரு காட்சியின் ஜோக். வெட்டியதில் மேலே இருந்த அந்தக் குழாயே காணாமல் போனது. 2020இல்தான் பழைய சதுர வடிவத்திலும் பார்க்க வழி செய்தார்கள். தலைகள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படங்களில், கால் மட்டுமே தெரியும் கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தி வருவாள். 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளுக்குப் பதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து சேர்த்தார்கள். அந்தப் பாத்திரத்தில் இருந்த இனக் கேலியை மறைக்காமல் சொல்லுங்கள். பிடித்த படம் என்பதற்காக அதைத் தாண்டிப் போவது சரியில்லை.

புதிய தொடரைத் திட்டப் போகிறீர்கள் என்றால் போஸ்டரைப் பார்த்துத் திட்டாதீர்கள். 2018இல் தண்டர்கேட்ஸின் புதிய வடிவமாகத் தண்டர்கேட்ஸ் ரோர் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, ஒரு எபிசோடுகூட வெளிவராத நிலையில் அதன் மீது வசை பொழிந்தார்கள். தொடர் ஒளிபரப்பானது 2020இல். பழைய தொடருக்கு என்ன அளவுகோல் வைத்தீர்களோ அதையே புதியதற்கும் வையுங்கள். முடிந்தால் அந்த வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள். திரையைப் பார்க்காமல் குழந்தையைப் பாருங்கள். என் அக்கா மகளோடு டாம் அண்ட் ஜெர்ரி பார்த்தபோது, அடி விழும் இடங்களில் அவள் சும்மா இருந்தாள். டாம் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நொடியில்தான் குலுங்கிச் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் படங்களில் அடிக்கு முன்னால் விடும் இடைவெளியை நான் கவனிக்கவே ஆரம்பித்தேன்.

எழுதும்போது "உயிரோட்டம்", "மேஜிக்" போன்ற சொற்கள் வந்தால், பக்கத்தில் ஒரு காட்சியைக் குறிப்பிட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். வீடியோவில் காட்சிகளை நீளமாக ஓட்டாதீர்கள். தேவையான துண்டை மட்டும் காட்டி, அதன் மேலேயே பேசுங்கள். பதிப்புரிமைச் சிக்கலும் குறையும், பேச்சும் காட்சியை விட்டு விலகாது. கடைசியாக, பார்த்த எபிசோடின் பெயர், ஒளிபரப்பான ஆண்டு, எந்தப் பிரதி, எந்த மொழி என்று வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக்குறிப்பில் எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னது சரியா என்று பார்க்க நினைப்பவர் அதே படத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.