பிராசசர் பெயரில் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் விடுவதால் வரும் தவறுகள்

ஆடி பிறந்தால் மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஆவணி முகூர்த்தங்களுக்குள் புது சிஸ்டம் போட்டுவிட வேண்டும் என்று டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கொட்டேஷன் வாங்க அலைவார்கள். அந்தச் சீட்டை என்னிடம் காட்டினால் நான் முதலில் பார்ப்பது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைத்தான்.

திருமங்கலத்து நண்பர் ஒருவருக்குக் கொட்டேஷனில் இன்டெல் பிராசசர் ஐ5-12400 என்று எழுதித் தந்தார்கள். பெட்டியில் வந்தது 12400எஃப். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மாட்டியபோது ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. ராம் போச்சு, போர்டு போச்சு என்று இரண்டு நாள் கழற்றி மாட்டினார். எதுவும் போகவில்லை. இன்டெல்லில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் (திரைக்குப் படம் தரும் பகுதி) கிடையாது. மதர்போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளைக்குப் படம் பிராசசரிலிருந்துதான் போக வேண்டும். எஃப் போட்டால் அந்தத் துளை இருந்தும் பயனில்லை. சீல் உடைந்துவிட்டதால் கடையில் மாற்றித் தரவும் இல்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தானே போகிறோம், எஃப் போட்டு மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். கேம் ஆடுபவருக்குச் சரி. இரண்டிலும் அதே 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), அதே வேகம். ஆனால் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது பல கேமராக்களில் 10 பிட் 4:2:2 ஹெச்.265 என்ற, நிறத் தகவல் அதிகமுள்ள சுருக்கிய வீடியோ ஃபைல்கள் வருகின்றன. என்விடியாவின் 50 வரிசைக்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளால் இவற்றை டிகோட் செய்ய (சுருக்கத்தை விரித்துப் படமாக்க) முடியாது. வேலை முழுவதும் பிராசசர் கோர்களின் தலையில் விழும். 12400-இன் உள் கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதி அதைச் சுலபமாகச் செய்துவிடும். எஃப் வாங்கினால் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. பெரிய கார்டு போட்டும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறதே என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கே. "கே போட்டா பவர்" என்று வாங்கி, ஹெச்610 போர்டில் மாட்டிவிடுகிறார்கள். கே என்பது மல்டிப்ளையர் (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்) பூட்டு இல்லாத பிராசசர். அதை ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இசட் வகை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டு வேண்டும். பெட்டியில் கூலரும் வராது. அடிப்படை மின்செலவே 125 வாட் என்பதால் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் வைப்பவர் கூலருக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அதற்காக ஓவர்கிளாக் செய்யாதவருக்குக் கே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஐ5-12600-இல் 6 கோர், 12600கே-யில் 10 கோர். எழுத்தோடு கோர் எண்ணிக்கையும் மாறுகிறது, அதனால் இரண்டு மாடலின் விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்டெல்லில் படித்ததை வைத்து ஏஎம்டி வாங்குவதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் தவறு. இன்டெல்லில் எழுத்தே இல்லாவிட்டால் பொதுவாக உள் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600-க்கு எழுத்து இல்லை, கிராபிக்ஸும் இல்லை! 5600ஜி-யில் உண்டு. ஆனால் ஜி வாங்கினால் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகக் குறையும், கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇ 4.0-க்குப் பதில் 3.0 தான். பிறகு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 5600 நல்லது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் சின்ன கிராபிக்ஸ் உள்ளேயே வருகிறது. 7500எஃப் போல எஃப் இருந்தால் இல்லை. எக்ஸ் என்பது இன்டெல்லின் கே அல்ல. 5600-உம் பூட்டில்லாததுதான். 5600எக்ஸ் உச்ச வேகத்தில் 4.6 கிகாஹெர்ட்ஸ், 5600 4.4, அவ்வளவே. எக்ஸ்3டி மட்டும் வேறு ரகம். அடுக்கிவைத்த கூடுதல் கேஷ், முக்கியமாகக் கேமுக்கு.

பழைய ஆபீஸ் மினி பிசிக்கள் இங்கே நிறைய விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் டீ (T) எழுத்து இருக்கும். ஐ5-8500 என்று சொல்லித் தருவது 8500டீ-யாக இருக்கலாம்: 65 வாட்டுக்குப் பதில் 35 வாட், அடிப்படை வேகம் 3.0-க்குப் பதில் 2.1 கிகாஹெர்ட்ஸ். ஜவுளிக்கடை பில்லிங்குக்கும் சின்ன யுபிஎஸ்ஸுக்கும் அருமையான பொருள். 8500-இன் விலையை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், கொட்டேஷனிலும் ஜிஎஸ்டி பில்லிலும் எழுத்தோடு சேர்த்து முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டி லேபிளில் இருப்பதோடு கடையிலேயே, சீல் உடைக்கும் முன் ஒப்பிடுங்கள். பழைய சிஸ்டம் என்றால் ஆன் செய்யச் சொல்லி, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். வலது மேல் மூலையில் பெயர் முழுதாக இருக்கும்.