கேமராவின் காட்சி முறைகளைப் பயன்படுத்துவது எப்படி?

டிஜிட்டல் கேமராவின் டயலில் மனிதத் தலை, மலை, ஓடும் உருவம், பூ எனச் சிறு சின்னங்கள் இருக்கும். சில கேமராக்களில் இவை ‘எஸ்சிஎன்’ என்ற ஒரே பிரிவுக்குள் பட்டியலாகத் திறக்கும். எதிரே இருப்பது எந்த வகைக் காட்சி என்று நாம் சொல்லிவிட்டால், ஷட்டர் வேகம், லென்ஸ் துளையின் அளவு, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன், வண்ணம் ஆகியவற்றைக் கேமரா தானே அமைத்துக்கொள்ளும். சின்னத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், அது எதை மாற்றுகிறது என்று அறிந்து தேர்ந்தெடுங்கள்.

போர்ட்ரெய்ட் முறை துளையை அகலத் திறந்து, முகத்தைத் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்ட முயல்கிறது. ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் இதனால் பயனில்லை. சில அடிகள் முன்னால் வரச் சொல்லி, சற்று ஜூம் செய்து எடுங்கள். மலையும் அதன்முன் நிற்பவரும் சேர்ந்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால், துளையைச் சுருக்கும் லேண்ட்ஸ்கேப் முறையே பொருத்தமானது.

ஸ்போர்ட்ஸ் முறை 1/500 விநாடி போன்ற வேகத்தை நாடுவதால், வெளிச்சம் குறைந்த அறையில் ஐஎஸ்ஓ உயர்ந்து, படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். ஓடியாடும் குழந்தையை ஜன்னலோரம் வரவழைத்து எடுப்பது நல்லது.

ஸ்னோ, பீச் ஆகிய முறைகளைப் பனியும் கடற்கரையும் இல்லாத இடத்தில் பலர் தொடுவதே இல்லை. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பதால், வெண்மை நிறைந்த காட்சி அழுக்கேறியதுபோல் மங்கிவிடுகிறது. இந்த முறைகள் வேண்டுமென்றே கூடுதல் ஒளியைச் சேர்க்கின்றன. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை உடையில் நிற்பவரை எடுக்கவும் இவை கைகொடுக்கும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது நைட் போர்ட்ரெய்ட். ஃபிளாஷ் முகத்தை ஒளியூட்டுகிறது. பின்னால் உள்ள விளக்குகளைப் பதிவு செய்வதற்காக ஷட்டர் அரை விநாடி வரையிலும்கூடத் திறந்திருக்கலாம். ஃபிளாஷ் மின்னியதும் படம் முடிந்தது என்று எண்ணி என் அக்கா நகர்ந்துவிட்ட ஒரு படத்தில், அவருடைய தோளை ஊடுருவித் தெருவிளக்கு தெரிகிறது. “நான் சொல்லும்வரை அசையாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கேமராவை முக்காலியிலோ திண்ணையிலோ வைத்து, பொத்தானை அழுத்தும் அதிர்வு படாமலிருக்க 2 விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள்.

பல கேமராக்களில் இம்முறைகளில் இருக்கும்போது ஒளி அளவை நாமாக மாற்ற முடியாது; கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவான ரா கோப்பும் கிடைக்காது. எடுத்த படத்தைத் திரையில் திறந்து தகவல் பொத்தானை அழுத்தினால், கேமரா தேர்ந்த ஷட்டர் வேகம், துளை, ஐஎஸ்ஓ மூன்றும் தெரியும். அவற்றைக் குறித்துக்கொண்டால், அதே வெளிச்சத்தில் மேனுவல் முறைக்கு மாறி, அந்த எண்களிலிருந்தே தொடங்கலாம்.