ஜப்பானில் ஒரு பண்ணையார் வீட்டைப் பார்க்கப் போகும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஜப்பான் போய் வருகிறவர்கள் இப்போது நிறைய, ஆனால் எல்லாரும் தோக்கியோ, புஜி மலை, ஒசாக்கா என்று ஒரே தடத்தில் சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் சொல்லப்போகும் இடம் நீகாத்தா பக்கம், சோமி என்ற ஊரில் இருக்கிறது. இத்தோ என்ற நிலவுடைமைக் குடும்பத்தின் பழைய வீடு, இப்போது வடக்குப் பண்பாட்டு அருங்காட்சியகம். ஜப்பானியப் பெயர் ஹொப்போ புன்கா ஹகுபுட்சுகன், டாக்சிக்காரரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே போவதற்கு முன் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்துக்கு வயல் மட்டும் சுமார் 1,370 ஹெக்டர், அதாவது நம் கணக்கில் 3,300 ஏக்கருக்கு மேல், அதில் குத்தகைக்கு உழுதவர்கள் 2,800 பேர், அவர்களை மேய்க்க 78 மேற்பார்வையாளர்கள். 78 கங்காணி என்று வைத்துக்கொண்டால் நமக்குச் சட்டென்று புரியும். கையேட்டில் முதலில் அழகைப் பற்றித்தான் பேசுவார்கள், நீங்கள் இந்தக் கணக்கோடு உள்ளே போங்கள், வீடு வேறு மாதிரி தெரியும்.

போவது சுலபம். கோலாலம்பூரிலிருந்து தோக்கியோ ஏழு மணி நேரம், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். தோக்கியோ நிலையத்திலிருந்து ஜோயெட்சு ஷின்கான்சென் அதிவேக ரயிலைப் பிடித்தால் நீகாத்தா சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ் அல்லது டாக்சி. மே மாதத் தொடக்கத்தில் போனால் முற்றத்தில் 150 வயதைத் தாண்டிய விஸ்டேரியா கொடி ஊதாப் பூவாகத் தொங்கும், ஆனால் ஜப்பான்காரர்களுக்கும் அப்போதுதான் நீண்ட விடுமுறை, கூட்டம் நெரியும். என்னைக் கேட்டால் நவம்பர் நடுவில், இலை சிவக்கும்போது போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பக்கம் பனி கொட்டும். நம் ஊர் வெயிலில் வளர்ந்த கால் மரத்தரையில் விறைத்துப்போகும்.

கால் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் நல்ல காலுறை போட்டுக்கொண்டு போங்கள். நான் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் ஓட்டைக் காலுறையோடு போய் மூன்று மணி நேரம் கூச்சத்தில் விரலை மடக்கியே நடந்தேன். அறைக்கு அறை மரப்படி இருக்கும், அதை மிதிக்கக்கூடாது. வாசப்படியை மிதிக்காதே என்று பாட்டியிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். தரையில் பரப்பியிருக்கும் தத்தாமிப் பாயின் ஓரத் துணியையும் மிதிக்காமல் தாண்டுங்கள்.

சரி, உள்ளே எங்கே முதலில் போவது? எல்லாரும் நேராகப் பெரிய கூடத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் சமையலறைக்குப் போங்கள். இந்த வீட்டில் தினமும் காலையில் ஒரு மூட்டை அரிசி, 60 கிலோ, வெந்திருக்கிறது. என் அம்மா 26 வருஷம் ரப்பர் பால் மரம் வெட்டியவர், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் ஆறு பேருக்குச் சோறு வடித்தவர். என்னோடு வந்து அந்த இடத்தில் நின்றவர் ரொம்ப நேரம் நகரவே இல்லை. துரை பங்களாவுக்குள் அவர் போனதெல்லாம் பின்பக்கச் சமையற்கட்டு வரைக்கும்தான், அதனால்தானோ என்னவோ.

அப்புறம் கூடம். வீடு 1882-இல் தொடங்கி 1889-இல் முடிந்தது, மொத்தம் 65 அறைகள், கூடத்தில் மட்டும் 100 தத்தாமிப் பாய். இந்தக் கூடம் கல்யாணம், சாவு, திதி மாதிரி பெரிய காரியங்களுக்குத்தான், மற்ற நாளில் சும்மா கிடக்கும். இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, தரையில் உட்காருங்கள். நின்று படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு வெளியே இருக்கும் பூந்தோட்டத்தில் பாதிதான் தெரியும். உட்கார்ந்தால் தாழ்வாரக் கூரைக்கும் தரைக்கும் நடுவே தோட்டம் நீளமாக விரியும், கண்ணை மறிக்கத் தூண் இருக்காது. அண்ணாந்து பாருங்கள், அந்தக் கூரை விளிம்பைத் தாங்குவது 30 மீட்டர் நீளமுள்ள ஒரே சிடார் மரம், ஐசு என்ற பகுதியிலிருந்து கொண்டுவந்தது. தேக்கு மரம் இழுத்த தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அதை இங்கே எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள் என்று யோசிப்பார். அம்மா யோசித்தது வேறு: "இதைப் பெருக்கித் துடைக்க எத்தனை பேருடா வேணும்?"

தோட்டம் வீட்டைவிட இளையது. தனாக்கா தைஅமி என்ற தோட்டக் கலைஞர் 1953-இல் தொடங்கி ஐந்து வருஷம் கல் கல்லாக வைத்து அமைத்தது. குளத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள், கற்பாதை வளைகிற இடத்திலெல்லாம் நின்று திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு காட்சி வைத்திருக்கிறார். முக்கோண வடிவில் சன்ராகுதேய் என்று ஒரு சின்ன வீடும் உண்டு. தூண், பாய் எல்லாமே முக்கோணமும் சாய்சதுரமும்தான், பணம் இருந்தால் மனுஷனுக்கு என்னென்ன தோன்றும் பாருங்கள்.

இவ்வளவு பெரிய வீடு எப்படி அருங்காட்சியகமானது? போருக்குப் பின் ஜப்பானில் நிலச் சீர்திருத்தம் வந்தது. பெரும்பாலான இடங்களில், ஊரிலேயே இருந்த நிலக்காரர் குத்தகைக்கு விட ஏறக்குறைய ஒரு ஹெக்டர்தான் வைத்துக்கொள்ளலாம், மீதியை அரசு வாங்கி உழுதவனுக்கே விற்றது. வீடும் கையைவிட்டுப் போகாமல் 1946-இலேயே குடும்பத்தின் ஏழாம் தலைமுறைக்காரர் அதை அருங்காட்சியகமாக்கினார். அதற்குக் கைகொடுத்தவர் அமெரிக்கப் படை அதிகாரி ரால்ப் ரைட். இருவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். நம் பக்கம் கதை வேறு. இங்கே வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போனான், பால் வெட்டியவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் நம் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஜப்பான் செலவு இப்போதைக்குக் கட்டாது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து காஜா போய், வெள்ளைக்காரத் தோட்டத் துரை ஒருவர் கட்டிய கெல்லி கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள், நல்ல பயிற்சி. அங்கேயும் மாளிகையை விட்டுவிட்டு முதலில் பக்கத்து மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். கட்டட வேலை செய்த நம் ஆட்கள் நோயில் விழுந்தபோது கட்டியது, கூரை மேல் சாமிகளோடு துரையும் நிற்கிறார்.

கடைசியாகச் சாப்பாடு. சைவக்காரர்கள் கவனம், காய்கறிச் சூப் என்று வருவதில்கூட மீன் சாறு இருக்கும். உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை கடைகளில் கிடைக்கும், நீகாத்தா அரிசி, ஊறுகாய் பாக்கெட் ஒன்று பையில் இருந்தால் அதுவே விருந்து. குப்பைத்தொட்டி எங்கேயும் தென்படாது, ஒரு பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ் நேர அட்டவணையைப் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கம் பஸ் அடிக்கடி வராது, நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு வயலைப் பார்த்தபடி நின்றோம்.