நிலத்தடியிலிருந்து எழும் வெள்ளத்துக்கு ஊரை ஆயத்தப்படுத்துதல்

ஆறு கரையை உடைத்தால் வெள்ளம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீர் வெள்ளத்தில் அது தெரியாது. கனமழை ஓய்ந்து பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள் கழித்து, நிலவறையின் தரையிலும் தாழ்ந்த வயலின் நடுவிலும் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த ஓடையிலும் தெளிந்த நீர் ஊறத் தொடங்கும். 2000-01, 2013-14 ஆகிய குளிர்காலங்களில் தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறைப் பகுதிகளில் இதுவே நடந்தது. 2001-ல் பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் பல வாரங்கள் வடியாமல் நின்றதற்கும் சுண்ணப்பாறைக்குள் நிரம்பியிருந்த நீர் ஒரு பெருங்காரணம். இந்த வெள்ளம் மெதுவாக வருவதால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆனால் கிணற்று நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து எழுதி வைத்திருக்கும் ஊரால்தான் அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

அடியில் இருப்பது என்ன?

அளவெடுப்பைத் தொடங்கும் முன் ஊரின் அடியில் உள்ளது பாறையா, மணலா, களிமண்ணா என்பதை அறிந்துகொள்ள வேண்டும்; நீர்மட்டம் எவ்வளவு விரைவாக ஏறும் என்பது அதைப் பொறுத்தது. நீர் நிரம்பி வடியக்கூடிய இடைவெளி ஒரு பாறையில் 1 விழுக்காடு மட்டுமே என்றால், 10 மில்லிமீட்டர் மழைநீர் ஊடுருவி நீர்மட்டத்தை அடைந்தாலே அது ஏறத்தாழ 1 மீட்டர் உயர்ந்துவிடும். அந்த இடைவெளி 20 விழுக்காடாக உள்ள மணலிலோ அதே நீர் 5 சென்டிமீட்டர் உயர்வையே தரும். சுண்ணப்பாறை முதல் வகையைச் சேர்ந்தது. ஆற்றோரச் சரளையிலும் மணலிலும் நிலைமை வேறு: அங்கே நிலத்தடி நீர் ஆற்றோடு சேர்ந்தே உயர்வதால், கரை உறுதியாக நின்றாலும் அதன் மறுபக்கத்து வீடுகளில் நீர் கசியும், அவகாசமும் வாரக்கணக்கில் இராது, நாள்கணக்கில்தான் இருக்கும். பெருநகரங்களில் இன்னொரு காரணமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் நீர் இறைப்பதைக் குறைத்த பின் லண்டனின் அடியில் நீர்மட்டம் ஆண்டுக்காண்டு உயர்ந்து, சுரங்கப்பாதைகளுக்கும் ஆழமான அடித்தளங்களுக்கும் கவலை தந்தது.

அளவெடுக்கும் முறை

அன்றாடம் நீர் இறைக்கப்படும் கிணறு கண்காணிப்புக்கு ஏற்றதன்று. பயன்பாட்டில் இல்லாத கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ தேர்ந்தெடுப்பது நல்லது; அதற்கு வழியில்லையெனில் இறைப்பை நிறுத்தி, அடுத்தடுத்து எடுக்கும் அளவுகள் மாறாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கிணற்று விளிம்பில் அல்லது கேசிங் குழாயின் வாயில் அழியாத குறி ஒன்றை இட்டு, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே நீர்வரையுள்ள ஆழத்தை அளக்க வேண்டும். குறியின் உயரத்தை நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு கடல் மட்டத்தோடு ஒப்பிட்டு அறிந்துவிட்டால், அந்த உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்து நீர்மட்டத்தைப் பெறலாம். பல கிணறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தக் கணக்கு இன்றியமையாதது.

நீரைத் தொட்டவுடன் ஒலியெழுப்பும் மின்முனை கொண்ட அளவு நாடாவே இந்த வேலைக்கு வசதியான கருவி. ஒவ்வொரு முறையும் இருமுறை அளந்து, இரண்டுக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தத்தை உணர்ந்து தானே பதிவுசெய்யும் கருவியை நீருக்குள் இறக்கி வைப்பதும் நன்று. ஆனால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் அதன் பதிவில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் பிழை நுழையக்கூடும் என்பதால், காற்றழுத்தத்தைத் தனியே பதிந்து கழிக்க வேண்டும், நாடாவாலும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கருவி வாங்கும் பணம் வரட்டும் என்று காத்திருப்பதைவிட, ஒரு நாடாவோடும் ஒரு குறிப்பேட்டோடும் இந்த வாரமே தொடங்குவது எவ்வளவோ மேலானது. இங்கிலாந்தின் சில்குரோவ் கிணற்றில் 1836 முதல் எடுக்கப்பட்டு வரும் அளவுகள் இன்றும் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

வறண்ட காலத்தில் மாதம் ஒருமுறை அளப்பதே போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும், நீர்மட்டம் வேகமாக ஏறும்போது நாள்தோறும் அளக்க வேண்டும். கோடை முடியும் தருணத்து அளவைத் தவறவிடக் கூடாது; அது வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், இயல்பான மழையே அடுத்த பருவத்தில் வெள்ளத்தைக் கொண்டுவரலாம்.

எச்சரிக்கை அளவை வகுத்தல்

மேட்டிலுள்ள கிணற்றில் நீர் பல மீட்டர் ஏறி இறங்கும் காலத்தில் பள்ளத்தில் அது மிகக் குறைவாகவே மாறக்கூடும். ஆகவே மேட்டுக் கிணற்றின் அளவை அப்படியே தாழ்ந்த வீட்டின் தரை உயரத்தோடு ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். முதல் நிலவறையில் ஈரம் கண்ட நாளில், வறண்ட ஓடை ஓடத் தொடங்கிய நாளில், சாலை மூழ்கிய நாளில் அந்தக் கிணறு காட்டிய அளவு எது என்பதைப் பதிந்து வைப்பதே நம்பகமான வழி. பழைய பதிவு இல்லாத ஊரில் முதியவர்களிடம் கேட்டு, முன்பு நீர் ஊறிய இடங்களை வரைபடத்தில் குறிக்கலாம். அதன்பின் கணக்கு எளிது: எச்சரிக்கை அளவை எட்ட இன்னும் 2 மீட்டர் இருக்க, நாளொன்றுக்கு 10 சென்டிமீட்டர் வீதம் நீர் ஏறினால், கையில் இருப்பது ஏறத்தாழ 20 நாட்கள். ஆயத்தமாவதற்கு ஓர் அளவு, பொருட்களை மேலேற்ற ஓர் அளவு, வீட்டை விட்டு வெளியேற ஓர் அளவு என்று மூன்றை வகுத்து, அவற்றை யார் யாருக்கு அறிவிப்பார் என்பதையும் பெயர் குறித்து எழுதி வைக்க வேண்டும்.

வீடுகளும் தெருக்களும்

வாசலில் அடுக்கும் மணல்மூட்டை தரை வழியே ஊறும் நீரைத் தடுக்காது. அதற்கென உழைப்பை வீணாக்க வேண்டாம். தரையில் ஒரு குழி அமைத்து, அதில் சேரும் நீரைப் பம்பு வைத்து வெளியேற்றித் தரையை உலர்வாக வைத்திருப்பதே பயன் தரும். ஏற்கெனவே நீர் நிரம்பிவிட்ட நிலவறையை ஒரேயடியாக வற்றச் செய்வது ஆபத்தானது: உள்ளும் வெளியும் நீர்மட்டத்தில் 1 மீட்டர் வேறுபாடு ஏற்பட்டால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 1 டன் எடைக்கு நிகரான விசை மேல்நோக்கித் தள்ளும், தரை பிளக்கலாம், சுவரும் சரியலாம். எரிபொருளில் ஓடும் பம்பை வீட்டுக்குள் இயக்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். மண்ணில் புதைத்த காலித் தொட்டிகள் மிதந்து மேலெழக் கூடும் என்பதால் அவற்றை நிரப்பியோ பிணைத்தோ வைக்க வேண்டும்.

நிலத்தடி நீர் கழிவுநீர்க் குழாய்களின் விரிசல் வழியே புகுந்து நிரம்புவதால், கழிவுநீர் கழிவறைகள் வழியே திரும்பி மேலெழும். ஒருவழி வால்வு பொருத்துவதும், வறண்ட காலத்திலேயே குழாய்களைச் செப்பனிடுவதும் இதைத் தடுக்கும். செப்டிக் டேங்கும் குடிநீர்க் கிணறும் ஒரே நிலத்தில் உள்ள ஊரில், நீர் வடிந்து சோதனை முடியும்வரை மாற்றுக் குடிநீர் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். ஓடைகளையும் மதகுகளையும் தூர்வார மறக்கக் கூடாது. வெள்ளம் மாதக்கணக்கில் நீடிக்கக் கூடும் என்பதால், பம்புகளைக் கவனிக்கும் முறையும், முதியோரையும் நோயுற்றோரையும் நாள்தோறும் சென்று பார்ப்போரின் பட்டியலும் அதற்கேற்ப நீண்ட காலத்துக்கு வகுக்கப்பட வேண்டும்.

நீர் தரைக்குக் கீழே இறங்கிய பின்னும், ஆயத்த அளவுக்குக் கீழே போகும்வரை நாள்தோறும் அளப்பதைத் தொடர வேண்டும். இடையில் ஒரு மழை பெய்தால் அது மீண்டும் மேலெழக் கூடும். ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் நீர் தொட்ட உச்சத்தைக் குறித்து, அதே நாளின் கிணற்று அளவையும் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.