சாமிக்கு ஓடிபி போகாது: அரசுச் செயலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல் கொள்முதலுக்கு முன்பதிவுச் செயலி வேண்டுமென்றால் வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை, நுகர்பொருள் வாணிபக் கழகம், வங்கி, மென்பொருள் நிறுவனம் எல்லாம் ஒன்றுகூடியாக வேண்டும். கூடுகிறார்கள். ஆளுக்கொரு அர்த்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லைப் பேசிவிட்டுக் கலைந்து போகிறார்கள். பெரிய தவறு அதுதான்.

‘விவசாயி’ என்ற சொல்லையே பாருங்கள். வருவாய்த் துறைக்குப் பட்டாவில் பெயர் உள்ளவர். வேளாண்மைத் துறைக்குப் பயிர் வைத்திருப்பவர். வங்கிக்குக் கணக்கு வைத்திருப்பவர். காவிரி டெல்டாவிலோ கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். பட்டா சாமி பெயரில் இருக்கும். சாமிக்கு ஓடிபி போகாது. குத்தகைதாரருக்கு எந்தச் சான்று போதும், அதை யார் தருவது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள்.

அளவையிலும் இதே கதை. பட்டாவில் ஹெக்டேர் இருக்கும். திருவாரூர்ப் பக்கத்துப் பெரியவரைக் கேட்டால் ‘ஐந்து மா’ என்பார். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஹெக்டேருக்கு மட்டும் கட்டம் போட்டால் கணக்குப் போடும் வேலை இ-சேவை மையத்துப் பெண்ணின் தலையில் விழும். வரிசை நீளும் நேரத்தில் அந்த ஐந்து மாவுக்கான 0.67 ஹெக்டேர் 6.7 ஆகிவிடும். மாவுக்கும் ஒரு கட்டம் வைப்பதில் என்ன கஷ்டம்?

அடுத்தது, முன்பதிவுத் தேதியை ரயில் டிக்கெட் போல நினைப்பது. குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோடு மோதும். கொள்முதல் நெல்லுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தளர்த்துவது மத்திய அரசு, நெல்லை வாங்குவது மாநிலக் கழகம், நனைவது களத்தில் கிடக்கும் குவியல். ஈரத்தால் திருப்பி அனுப்பப்பட்டவரின் முறை காலாவதியாகுமா, நீளுமா? நிரல் எழுதுகிறவர் தாமே முடிவு செய்யும் விஷயமல்ல இது. ஆனால் கேட்க ஆளில்லாவிட்டால் அவர்தான் முடிவு செய்வார்.

அப்பாவின் ஆதாரில் திருப்பூரில் இருக்கும் மகனின் செல்பேசி எண் இருக்கும். ஓடிபி அங்கே போகும். அப்பா கொள்முதல் நிலையத்தில் காத்துக்கொண்டு நிற்பார். சென்னையில் குளிரூட்டிய அறையில் நடக்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது. சாக்குக் கணக்கு எழுதும் பருவகாலப் பட்டியல் எழுத்தரை ஒரு நாள் அழைத்து உட்கார வையுங்கள். அழைப்பது அறுவடைக்கு முன்பாக இருக்கட்டும். அறுவடை தொடங்கிவிட்டால் அவருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது.