கிட்டார் டாப் பாத்து வாசிச்சும் பாட்டு வரல, எப்படி சரி பண்ணேன்

பேஸ் கிட்டார் வாங்கி ரெண்டு மாசத்துல ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் பேண்டோட செவன் நேஷன் ஆர்மி பாட்டு ரிஃப்ப, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த சின்ன டியூன எடுத்தேன், டாப்ல (கம்பிய கோடாவும் ஃப்ரெட்ட, அதாவது கழுத்துல அழுத்துற கட்டத்த, நம்பராவும் எழுதுறது) ஏ ஸ்ட்ரிங்ல 7 7 10 7 5 3 2, அவ்ளோதான், ஆனா நான் வாசிச்சா பக்கத்து ரூம்ல இருந்த தம்பிக்கு அது என்ன பாட்டுன்னே தெரியல. மொத தப்பு, டாப்ல அடிக்கோடுதான் தடியான ஈ ஸ்ட்ரிங், நான் அத தலகீழா எடுத்துக்கிட்டு டி ஸ்ட்ரிங்ல வாசிச்சிட்டு இருந்திருக்கேன். அத மாத்தியும் உருப்படல. ஏன்னா அந்த டாப் எந்த ஃப்ரெட்னு மட்டும்தான் சொல்லுது, எவ்ளோ நேரம் புடிக்கணும்னு சொல்லல, நான் ஏழு நோட்டையும் ஒரே அளவா தட்டிட்டு இருந்தேன். அப்புறம் கிட்டார கீழ வெச்சுட்டு யூடியூப்ல பாதி ஸ்பீடுல போட்டு வாயாலயே பாடிப் பாத்தேன், மொத நோட் நல்லா இழுக்குது, கடைசி 3க்கும் 2க்கும் தலா ரெண்டு பீட். பென்சில்ல நம்பருக்குக் கீழ எண்ணி எழுதிட்டு மெட்ரோனோம்ல (பீட் தட்டிக் காட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 பீட்னு ஆரம்பிச்சேன், தப்பில்லாம வந்தா மட்டும் அஞ்சு அஞ்சா ஏத்தினேன். நாலு நாள்ல தம்பியே கூட பாட ஆரம்பிச்சுட்டான்.

இதுல காமெடி என்னன்னா 2003ல வந்த அந்த ரெக்கார்டிங்ல அது பேஸே இல்ல, அந்த பேண்டோட ஜாக் வைட் சாதா கிட்டார, சவுண்ட மாத்துற பெடல் வெச்சு ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி எறக்கி வாசிச்சது.